கருவுற்ற தாயின் யோகம்

 

யோகம் என்றவுடன் இன்று பலர்க்கும் நினைவில் எழுவது உடலை வளைத்துச் செய்யும் ஆசனமே. நம் மரபு அச்சொல்லை இன்னும் விரிந்த பொருளில் ஆள்கிறது. உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், உடல், சொல், மனம் ஆகியவற்றின் செயலே யோகம் எனத் தொடங்குகிறது. வினை உயிரிடம் வந்து சேரும் வாயிலும் அதுவே. அதே அத்தியாயம், தீர்த்தங்கர நிலைக்குக் காரணமாகும் பதினாறு பாவனைகளைக் கூறுமிடத்தில், தியாகமும் தவமும் அவரவர் சக்திக்கேற்ப அமைய வேண்டும் என வரையறுக்கிறது. கருவுற்ற பெண் தன் யோகப் பயிற்சிக்குக் கொள்ளத்தக்க அளவுகோல் இவ்வரையறையே.

கருவுற்ற காலத்தில் ரிலாக்சின் என்னும் சுரப்பு மிகுந்து, மூட்டுகளைப் பிணைத்திருக்கும் நார்கள் நெகிழ்கின்றன. உடல் எளிதில் வளைகிறதே என்று மிகுதியாக வளைத்தால் மூட்டுகளுக்கு ஊறு நேரும். பிற்பாதி மாதங்களில் நெடுநேரம் மல்லாந்து படுத்தால், கருப்பை பெருஞ்சிரையை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைந்து மயக்கம் வரலாம். ஆதலின் அம்மாதங்களில் சவாசனத்தை இடப்பக்கம் ஒருக்களித்துச் செய்தல் நன்று.

தலைகீழாக நிற்கும் ஆசனங்கள், குப்புறப் படுத்துச் செய்வன, வயிற்றை முறுக்குவன, மூச்சை அடக்கும் கும்பகம், கபாலபாதி, பஸ்திரிகை ஆகியவற்றை விலக்குக. பட்டாம்பூச்சி ஆசனம், பூனைபோல் முதுகை மெல்ல உயர்த்தித் தாழ்த்தும் மார்ஜாரி ஆசனம், சீரான ஆழ்ந்த மூச்சு ஆகியன பெரும்பாலோர்க்கு ஏற்றவை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவத் தடையில்லாத கருவுற்ற பெண்கள் வாரத்துக்கு 150 நிமிடமேனும் நடை போன்ற மிதமான உடலியக்கம் மேற்கொள்ளப் பரிந்துரைக்கிறது. மென்மையான நீட்சிப் பயிற்சியும் நலம் தரலாம் என்கிறது.

எதையும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. நஞ்சுக்கொடி கீழே அமைந்தோர், இரத்த அழுத்தம் மிகுந்தோர், குறைமாதப் பேற்றுக்கு வாய்ப்புள்ளோர் தனி அறிவுரை பெற வேண்டும். பயிற்சியிடையே இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, நெஞ்சுவலி, மயக்கம் தோன்றினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, உடனே நிறுத்தி மருத்துவமனை செல்க.

நம் மரபிலேயே தாய்க்குரிய யோகம் உள்ளது. திருமலைப் பாறையில் நின்ற கோலத்தில் காட்சிதரும் நேமிநாதரை வணங்காத குடும்பம் நம்மிடையே அரிது. உடலின்மேல் உள்ள பற்றை விட்டு அசைவற்றிருக்கும் காயோத்சர்க்கத்தின் வடிவம் அது. அதனை அமர்ந்தும் செய்யலாம். நெடுநேரம் நின்றால் தலைசுற்றும் தாய் அமர்ந்தே செய்க. இரண்டு நாழிகையாகிய 48 நிமிடச் சாமாயிகத்தையும் நாற்காலியில் சாய்ந்தமர்ந்து, கால்களை அவ்வப்போது நீட்டி மடக்கி இயற்றலாம். மனம் சமநிலையில் நிற்பதே அங்கு வேண்டுவது.

இனி, இல்லத்துப் பெரியோர் எண்ண வேண்டிய ஒன்று உண்டு. தசலட்சண நாள்களில் நீரும் அருந்தாது நோன்பிருக்க முனையும் கருவுற்ற மருமகளை மெச்சும் இல்லங்கள் உள்ளன. தன் பசியை அடக்க அவளுக்கு உரிமை உண்டு; அவள் உண்பதையே உணவாகக் கொள்ளும் மற்றோர் உயிரைப் பட்டினியிட எவர்க்கு உரிமை? கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து அறங்களுள் முதலாவது உத்தம க்ஷமை. சினத்தைத் துறந்த ஒரு பகல், கடுஞ்சொல் பேசாத ஒரு நாள் ஆகியவையும் தவமே. தாய் மட்டுமன்றி, கணவரும் மாமியாரும் அவளுடன் சேர்ந்து அந்நோன்பை ஏற்கலாம். அவளுக்கு அதனால் ஓய்வும் அமைதியும் வாய்க்கும்.

ஆகவே, "நீ இன்று நோன்பிருக்கவில்லையா?" என்று கேட்கும் நாவு, "நீ இன்று உண்டாயா, அம்மா?" என்று கேட்கப் பழகட்டும். நாவை நெறிப்படுத்துவதும் யோகமே.

வளர்க அருகன் அறம்!