கிண்டி கணக்கும் களத்துமேட்டுக் கணக்கும்

(கிராமக் கூட்டங்களில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவும்.)



இன்னிக்கு நாம பேசப்போறது ஒரு கம்பெனியோட வரவு செலவைப் பத்தி. "கம்பெனிக் கணக்கு நமக்கு எதுக்குங்க?" என்று யாரும் எழுந்து போயிடாதீங்க. அந்தக் கணக்கில் நம்ம பணமும் இருக்குது, நம்ம பேரும் இருக்குது. நமக்குக் கிடைக்காத ஒரு நியாயமும் அதுக்குள்ளதான் இருக்குது.

தெற்கிலிருந்து பஸ்ஸில் போனால் இப்போ கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடறாங்க. அங்கிருந்து தாம்பரம் வழியாக நகரத்துக்குள் போனால் கத்திப்பாரா பாலம் தாண்டி கிண்டி. அங்கே மவுண்ட் ரோட்டில் ஸ்பிக் ஹவுஸ் என்று ஒரு கட்டடம் இருக்குது. நம்ம வயல்ல போடற யூரியா மூட்டையில ஸ்பிக் என்று எழுதியிருக்கே, அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம் அதுதான். ஆலை தூத்துக்குடியில், கணக்கு கிண்டியில்.

1969-ல் ஆரம்பித்த கம்பெனி. எம்.ஏ.சிதம்பரம் குழுமமும், தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. (சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பேர் வெச்சிருக்காங்களே, அதே எம்.ஏ.சிதம்பரம்தான்.) 1975-ல் தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கம் யூரியா ஆலை ஓட ஆரம்பிச்சுது. இன்னிக்கு ஆண்டுக்கு ஆறு லட்சம் டன்னுக்கு மேலே யூரியா எடுக்கிற திறன் அதுக்கு உண்டு. தமிழ்நாட்டில் யூரியா ஆலை என்றால் இதுவும், மணலியில் இருக்கிற மத்திய அரசின் சென்னை உர நிறுவனமும்தான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். நாம யூரியா மூட்டை என்ன விலைக்கு வாங்கறோம்? 45 கிலோ மூட்டை, வேம்பு பூசினது, 266 ரூபாய் 50 காசு. கடையில என்ன வாங்கறாங்க என்பது வேற கதை, அதுக்குப் பின்னாடி வர்றோம். இந்த விலையை நிர்ணயம் பண்றது கிண்டி இல்லை, டெல்லி. 2012 நவம்பரில் டன்னுக்கு 5,360 ரூபாய் என்று வெச்சாங்க. வரி, வேம்புப் பூச்சு செலவெல்லாம் போக அடிப்படை விலை அன்னிலேருந்து கிட்டத்தட்ட அப்படியேதான் நிக்குது. 2018-ல் மூட்டை மட்டும் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாக இளைச்சுப் போச்சு. கிலோ கணக்குக்குப் பார்த்தா விலை சரிதான். ஆனா நம்ம ஆளுங்க கிலோவில் எங்கே போடறாங்க, மூட்டையில்தானே போடறாங்க? அரசுக்கும் அது தெரியும். உரம் குறைச்சலாப் போடட்டும் என்றுதான் மூட்டையைக் குறைச்சாங்க.

சரி, இந்த விலைக்கு யூரியா தயாரிச்சு விற்க முடியுமா? முடியவே முடியாது. ஆலைக்கு ஆகிற செலவு இதைப் போலப் பல மடங்கு. அப்புறம் எப்படிக் கம்பெனி நிக்குது?

இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. 1977-ல் மராத்தே கமிட்டி சொன்னபடி மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஒவ்வொரு உர ஆலைக்கும் மூலப்பொருள் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, இயந்திரத் தேய்மானம் எவ்வளவு, வங்கி வட்டி எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டுவாங்க. அதுக்கு மேலே, முதலாளி போட்ட சொந்த மூலதனத்துக்கு, வரி போக நூற்றுக்குப் பன்னிரண்டு லாபம். இதெல்லாம் சேர்த்து வர்ற தொகைதான் அந்த ஆலையின் நியாய விலை. விவசாயி கொடுக்கிற விலைக்கும் இதுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை அரசு மானியமாக நிரப்பிடும். சும்மா அள்ளிக் கொடுக்கலை. இவ்வளவு எரிபொருளில் இவ்வளவு உற்பத்தி காட்டணும் என்று அளவுகோல் வெச்சிருந்தாங்க. மிச்சப்படுத்தினா லாபம், வீணடிச்சா நஷ்டம். 2003 ஏப்ரலில் தனித்தனி ஆலைக் கணக்கை மாத்தி, ஒரே மாதிரி ஆலைகளை ஒரு குழுவாக வெச்சுக் கணக்குப் போட ஆரம்பிச்சாங்க. 2015-ல் மறுபடி ஒரு கொள்கை. விவரம் மாறிச்சே தவிர, உற்பத்திச் செலவைக் கணக்குப் பார்த்து ஈடுகட்டுவது என்கிற அடிப்படை இன்னும் மாறலை.

அப்படியிருந்தும் கம்பெனி கஷ்டப்பட்டதா என்று கேட்டால், பட்டது. அதையும் மறைக்காமல் சொல்றோம். தூத்துக்குடி ஆலை நாப்தாவில் ஓடியது. பெட்ரோலியம் விலை ஏற ஏற நாப்தா நெருப்பு விலை. டிஏபி போன்ற உரங்களுக்கு 1992-லேயே விலைக் கட்டுப்பாட்டை எடுத்துட்டதால அந்தப் பக்கம் வேற அடி. 2000-ங்களின் தொடக்கத்தில் கடன் கழுத்தை நெரிச்சு, வங்கிகளோடு உட்கார்ந்து கடனைச் சீரமைக்க வேண்டிய நிலை. 2007-ல் யூரியா ஆலை நின்னே போச்சு. 2010-ல்தான் மறுபடி ஓடினது. அந்த மூணு வருஷம் தூத்துக்குடித் தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாடும் கொஞ்சமில்லை.

அதுக்கப்புறம் என்ன நடந்தது? எல்லா யூரியா ஆலையும் எரிவாயுவுக்கு மாறணும் என்று டெல்லி கெடு வெச்சது. தெற்கே குழாய் வரலை என்பதால் கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டிச்சது, நாப்தாவிலேயே ஓட அனுமதி கொடுத்தது. கடைசியில் ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய், கிட்டத்தட்ட 700 கோடி ரூபாய் செலவில். இந்தியன் ஆயில், அதாவது பொதுத்துறை, போட்டது. 2021 பிப்ரவரி 17-ல் பிரதமர் திறந்து வைத்தார். ஆலை அந்த வருஷமே எரிவாயுவுக்கு மாறியது. 2022-23-ல் கம்பெனியின் விற்பனை வரவு இரண்டாயிரத்து ஐந்நூறு கோடியைத் தாண்டிடுச்சு, லாபமும் காட்டினாங்க. பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனி என்பதால் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கை ஊரறியச் சொல்லியாகணும். நம்ம பசங்க செல்போனிலேயே எடுத்துப் பார்க்கலாம். பார்த்தீங்கன்னா ஒண்ணு தெரியும்: வரவில் பெரும்பங்கு அரசு மானியம். நாம கொடுக்கிற மூட்டைக் காசு அதில் சின்னப் பங்குதான்.

அந்த மானியம் யார் பேரில் எழுதப்படுது? நம்ம பேரில்! 2018-லேருந்து நாடு முழுக்க, கடையில் நாம ஆதார் காட்டி விரல் வெச்ச பிறகுதான் கம்பெனிக்கு மானியம் போகும். விரல் நம்முது, பணம் போற கணக்கு கம்பெனியுது. இதில் திருட்டு எதுவும் இல்லை, விதியே அப்படித்தான். மூட்டையை நமக்குக் குறைச்ச விலைக்குக் கொடுக்கறாங்க என்பதும் உண்மைதான். ஆனால் 2022-23-ல் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாய் என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டு, "விவசாயிக்கு அள்ளிக் கொடுத்தாச்சு, இன்னும் என்ன கேக்கறான்?" என்று டிவியில் பேசறாங்களே, அவங்களுக்கு நாம சொல்ல வேண்டியது இதுதான்: அந்தப் பணம் முதலில் ஆலையின் செலவை ஈடுகட்டுது. வெளிநாட்டிலிருந்து எரிவாயு விற்கிறவனுக்குப் போகுது. எங்க வீட்டுக்கு வர்றது விலை குறைஞ்ச ஒரு மூட்டை.

கம்பெனி மேல நமக்குப் பகை இல்லை. அந்த ஆலை ஒரு மாசம் நின்னா சம்பாவில் யூரியாவுக்கு அலையப்போறது நாமதான். பொதுப்பணத்தில் அதை நிக்க வைக்கறது தப்பு என்று நாங்க சொல்லலை. நாங்க கேக்கிறது, அதே கணக்குப் புத்தகத்தை நெல்லுக்கும் ஒரு தடவை விரிச்சு வையுங்க என்றுதான்.

நெல்லுக்கு எப்படிக் கணக்குப் போடறாங்க தெரியுமா? வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் என்று டெல்லியில் ஒண்ணு இருக்குது. அதுக்கு ஊர் ஊராகச் செலவுக் கணக்கு எடுத்து அனுப்பறாங்க. தமிழ்நாட்டில் அந்த வேலை கோவை வேளாண் பல்கலைக்கழகத்துது. (அந்தப் பல்கலைக்கழகத்தின் வேரே கிண்டிக்குப் பக்கத்துச் சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கின விவசாயப் பள்ளிதான். பிறகுதான் கோவைக்குப் போச்சு.) அந்த ஆணையம் மூணு விதமாகச் செலவு எழுதுது. விதை, உரம், மருந்து, டீசல், கூலி என்று கையிலிருந்து போன காசு ஏ2. அதோட வீட்டு ஆளுங்க உழைச்ச உழைப்புக்குக் கூலி சேர்த்தா இரண்டாவது கணக்கு. அதுக்கு மேலே சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்தமாப் போட்ட முதலுக்கு வட்டி, இதெல்லாம் சேர்த்தா சி2.

2025-26 பருவத்துக்கு இரண்டாவது கணக்குப்படி சாதாரண நெல் குவிண்டாலுக்குச் செலவு 1,579 ரூபாய். அதில் பாதியைக் கூட்டி 2,369 என்று ஆதார விலை அறிவிச்சாங்க. "ஒன்றரை மடங்கு கொடுத்துட்டோம்" என்று மார் தட்டறாங்க. சி2 கணக்கில் ஒன்றரை மடங்கு போட்டிருந்தா 3,135 வந்திருக்கும். மாநில அரசு ஊக்கத்தொகை 131 சேர்த்து அந்தப் பருவத்துக்கு இங்கே 2,500 கொடுத்துது. சன்ன ரகத்துக்கு 2,545. சாதாரண நெல்லில் மீதி 635 ரூபாய் எங்கே போச்சு? ஏக்கருக்கு 40 கிலோ மூட்டையில் அறுபது மூட்டை எடுக்கிறவர் என்றால் 24 குவிண்டால். ஏக்கருக்கு 15,240 ரூபாய் துண்டு விழுது. இதுகூட நாடு முழுக்கச் சேர்த்த சராசரிச் செலவை வெச்சுச் சொல்றது. மோட்டார் பம்பு ரிப்பேருக்கே பாதி விளைச்சலை எழுதி வைக்கிறவங்க கணக்கு தனி.

உரக் கம்பெனிக்குப் பார்த்த கணக்கில் வங்கி வட்டி உண்டு, தேய்மானம் உண்டு, சொந்த மூலதனத்துக்கு லாபம் உண்டு. நம்ம நிலம் மூலதனம் இல்லையா? அப்பன் பாட்டன் வெட்டின கிணறு தேய்மானம் ஆகலையா? கம்பெனிக்கு சி2, நமக்கு மட்டும் அதுக்குக் கீழே ஒரு படியா?

எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் 2004-லேருந்து 2006 வரை உட்கார்ந்த தேசிய விவசாயிகள் ஆணையம், சராசரி உற்பத்திச் செலவுக்கு மேலே குறைஞ்சது ஐம்பது சதம் கொடு என்று எழுதி வெச்சுது. எந்தச் செலவு என்பதில்தான் அன்னிலேருந்து சண்டை. 2018 பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு என்று அறிவிச்சபோது குறைஞ்ச கணக்கை எடுத்துக்கிட்டாங்க. சுவாமிநாதனுக்கு 2024-ல் பாரத ரத்னா கொடுத்தாங்க. அவர் சொன்னதைக் கொடுக்கலை.

இன்னொரு கணக்கையும் பாருங்க. 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி மாவட்டத்தில் பேய் மழை. காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். ஸ்பிக் ஆலைக்குள்ளும் வெள்ளம் புகுந்து உற்பத்தி நின்னு, அடுத்த வருஷம்தான் மறுபடி ஓடினது. அந்த நஷ்டத்தையும் வரவு செலவில் எழுதிக் காட்ட அவங்களுக்கு ஆள் இருக்காங்க. அதே வெள்ளம் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் தாமிரபரணிக் கரையில் நெல்லையும் வாழையையும் மண்ணோடு புரட்டிப் போட்டுது. நெல்லுக்கு நிவாரணம் ஹெக்டேருக்கு 13,500-ஐ 17,000 ஆக்கினோம் என்றாங்க. ஹெக்டேர் என்றால் இரண்டரை ஏக்கர். ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வரலை. அதுவும் மூணில் ஒரு பங்குக்கு மேலே பயிர் போயிருந்தால்தான்.

டிஏபி, பொட்டாஷ் கதையைச் சுருக்கமாச் சொல்றோம். 2010-ல் ஊட்டச்சத்து அடிப்படையில் மானியம் என்று கொண்டுவந்து, விலையைக் கம்பெனிகளே வெச்சுக்கட்டும் என்று விட்டாங்க. அதுக்கு முன்னாடி 50 கிலோ டிஏபி 467 ரூபாய் 50 காசு, பொட்டாஷ் 222 ரூபாய் 75 காசு. 2021 ஏப்ரலில் டிஏபி 1,900 வரை போக, நாடே கொதிச்ச பிறகு மானியத்தைக் கூட்டி 1,200-க்கு இறக்கினாங்க. மறுவருஷம் 1,350. பொட்டாஷ் 2022-ல் 1,700. விளைவு என்ன? மலிவா இருக்கிற யூரியாவையே நாம அள்ளிக் கொட்டறோம். பயிர் பச்சையா நிக்குது, பூச்சி கூப்பிடாமலே வருது. இது நம்ம முட்டாள்தனம் என்று அதிகாரிங்க பாடம் எடுக்கறாங்க. விலையை அப்படி வெச்சது யார்?

கடைசியா, கடை விவகாரம். யூரியா கேட்டால் "இந்த டப்பாவையும் எடுத்தாத்தான் மூட்டை" என்று சொல்றது எங்கெல்லாம் நடக்குதோ, அங்கெல்லாம் பணம் கொடுக்கும் முன்னாடி பில் கேளுங்க. கருவியில் வர்ற ரசீதில் எத்தனை மூட்டை, என்ன விலை என்று அச்சாகும். நீங்க வாங்கினது ரெண்டு, ரசீதில் நாலு என்றால் அங்கேயே நிறுத்துங்க. ஒரு பொருளோடு இன்னொண்ணைக் கட்டி விற்க விதியில் இடமில்லை. வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலமாப் புகார் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகலை வாங்கி வெச்சுக்குங்க. வாய்ச்சொல்லாப் போய்ச் சொன்னால் மறுநாள் அங்கே யாருக்கும் ஞாபகம் இருக்காது. தனியாப் போக வேண்டாம், அஞ்சு பேராகப் போங்க. சங்கத்தை முன்கூட்டியே கூப்பிடுங்க, நாங்களும் வர்றோம்.

அடுத்து வர்ற கிராம சபையில், அது ஜனவரி 26 ஆனாலும் மே 1 ஆனாலும் ஆகஸ்ட் 15 ஆனாலும் அக்டோபர் 2 ஆனாலும் சரி, கீழே இருக்கிற தீர்மானத்தை வையுங்க. தலைவரோ செயலாளரோ "இதெல்லாம் இங்கே வராது" என்றால், பதிவேட்டில் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்க.

"உர ஆலைகளுக்கு உற்பத்திச் செலவு, வட்டி, தேய்மானம், மூலதன வருவாய் அனைத்தையும் கணக்கில் கொள்வதைப் போலவே, நெல் உள்ளிட்ட பயிர்களுக்கும் சி2 செலவின் அடிப்படையில் ஒன்றரை மடங்கு விலையைச் சட்டமாக்க வேண்டும். சம்பா நடவுக்கு முன்பே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் யூரியா, டிஏபி, பொட்டாஷ் இருப்பு வைத்து, இருப்பையும் விலையையும் பலகையில் எழுத வேண்டும். உரத்தோடு வேறு பொருளைக் கட்டாயப்படுத்தி விற்போரின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும் என இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

தீர்மான நகலில் ஒன்று மாவட்ட ஆட்சியருக்கு, ஒன்று சங்க அலுவலகத்துக்கு. போன சாகுபடிக்கு நீங்க வாங்கின உர ரசீதுகளையும், கொள்முதல் நிலையச் சீட்டையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு வையுங்க. ஊர் ஊராக அதை வெச்சுத்தான் ஏக்கர் கணக்கு எழுதப் போறோம்.