ஒரு மணி நேர இசை



1999ஆம் ஆண்டு ஜூன் மாதம். கார்கில் மலைமுகடுகளில் போர் நடந்துகொண்டிருந்தது. அப்போது நான் பணியாற்றிய பள்ளியில், நண்பகல் இடைவேளையின்போது மாணவர் சிலர் மேசையைத் தட்டித் தாளமிட்டுப் பாடிக்கொண்டிருந்தனர். "எல்லையில் வீரர்கள் மடிகிறார்கள், உங்களுக்குப் பாட்டு ஒரு கேடா?" என்று கடிந்து அதனை நிறுத்தினேன். அவர்களுள் ஒருவன் எழுந்து, "ஐயா, காலையில் செய்தித்தாளை வாசித்தவர்களும் நாங்கள்தாம். மனம் பாரமாக இருந்தது, அதனால்தான் பாடினோம்" என்றான். அவனுக்கு விடை கூற எனக்கு அன்று இயலவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவ்விடையை இலண்டன் மாநகரின் வரலாற்றில் கண்டேன்.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின்மீது போர் தொடுப்பதாக அறிவித்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி நாடக அரங்குகளும் திரையரங்குகளும் உடனே மூடப்பட்டன. தேசிய ஓவியக் கூடத்தின் அரிய ஓவியங்கள் தொலைவிடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. சுவர்களில் வெறும் சட்டங்களே எஞ்சின. இரவில் தெருவிளக்கும் எரியாத அந்த நகரில் மக்களுக்கு வாய்த்தது செய்தி ஒன்றுதான். அச்செய்தியோ அச்சமூட்டுவதாகவே இருந்தது.

அந்நிலையில் மைரா ஹெஸ் என்னும் பியானோக் கலைஞர், ஓவியக் கூடத்தின் இயக்குநராயிருந்த கென்னத் கிளார்க்கை அணுகினார். வெறுமையாய்க் கிடக்கும் கூடத்தில் இசை நிகழ்ச்சி நடத்த இசைவு வேண்டினார். கிளார்க் மகிழ்ந்து உடன்பட்டார். அக்டோபர் 10ஆம் நாள் நண்பகலில் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். வாசித்தவர் மைரா ஹெஸ் அம்மையாரே. ஏறத்தாழ ஆயிரம் பேர் திரண்டு வந்தனர்.

அதன்பின் திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் இசை ஒலித்தது. அலுவலர்களும் படைவீரர்களும் செவிலியரும் உணவு இடைவேளையில் வந்து கேட்டார்கள். 1940ஆம் ஆண்டு குண்டுமழை பொழிந்தபோது நிகழ்ச்சிகள் கட்டடத்தின் அடித்தளத்திற்கு மாறினவேயன்றி நின்றுபோகவில்லை. 1946ஆம் ஆண்டு ஏப்ரல் வரை ஏறத்தாழ 1,700 நிகழ்ச்சிகள் நடைபெற்றன. கேட்டவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இன்னொன்றும் கருதத் தக்கது. அங்கு ஒலித்த இசையில் பாக், பீத்தோவன் ஆகிய ஜெர்மானியர் படைத்தவையும் இருந்தன. பகைவர் நாட்டின் இசையாயிற்றே என்று ஒதுக்கவில்லை. பகைமை வேறு, பண்பாடு வேறு என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். நல்ல இசை அவர்களுடைய துயரைத் தணித்ததோடு வெறுப்பையும் தணித்தது எனலாம்.

1942ஆம் ஆண்டில், மறைத்து வைத்த ஓவியங்களுள் ஒன்றையேனும் காண வேண்டும் என்று மக்கள் விரும்பினர். அதற்கிணங்க, மாதத்திற்கு ஓர் ஓவியம் மட்டும் கொண்டுவந்து வைக்கப்பட்டது. குண்டு விழுந்தால் இழப்பு அந்த ஓர் ஓவியத்தோடு நிற்கும் அல்லவா? ஆபத்தை மறவாமலே இன்பத்தையும் துறவாமல் இருக்க வழி கண்டார்கள்.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? அம்மக்கள் செய்தியைக் கேளாமல் ஓடி ஒளிந்தவர்கள் அல்லர். காலையில் செய்தி கேட்டார்கள். நண்பகலில் இசை கேட்டார்கள். பின்பு தத்தம் பணிக்குத் திரும்பினார்கள். அந்தத் திரும்புதல்தான் உரைகல். நம்மைக் கடமைக்கு மீட்டுத் தரும் இன்பம் ஆறுதல். கடமையை மறக்கச் செய்யும் இன்பம் மயக்கம். இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுபோலத் தோன்றும். மணி அடித்த பின்னரே வேறுபாடு விளங்கும்.

இக்காலத்தில் செய்தி கைப்பேசி வழியே நாள் முழுதும் நம்மைத் தொடர்கிறது. கவலை மிகும்போது ஒரு பாட்டு, ஒரு நூல், நண்பரோடு ஓர் ஆட்டம் என எதையேனும் நாடுங்கள்; அதற்காக நாணவேண்டுவதில்லை. ஆயினும் அதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். இயன்றால் பிறரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

அன்று அந்த மாணவனிடம் நான் கூறியிருக்க வேண்டிய விடை இதுதான்: "பாடு, தம்பி. மணி அடித்ததும் வகுப்புக்கு வந்துவிடு."