வாசலில் தொடங்கும் வீடு

மலேசியாவின் ரந்தாவ் ஊரைச் சுற்றி ரப்பர் மரங்களோடு வளர்ந்த நமக்கு, ஒரு ரப்பர் தோட்டம் அழகிய வீடாக மாறிய கதை நெருக்கமானது.

இலங்கையில் பெந்தோட்டைக்கு அருகே, ஏரிக்கரையில் இருக்கிறது லுனுகங்கா. பழைய பங்களாவோடு அந்த ரப்பர் தோட்டத்தை 1948இல் வாங்கியவர் ஜெஃப்ரி பாவா, ஒரு வழக்கறிஞர். மனத்தில் இருந்ததை உருவாக்கத் தம் அறிவு போதாது என்று உணர்ந்து, லண்டனில் கட்டடக்கலை படித்து, 1957இல் தேறினார். அப்போது வயது நாற்பதை நெருங்கிவிட்டது!

அவர் முதலில் பார்த்தது கண் போகும் திசையை. வீட்டுக்கு எதிரேயிருந்த குன்றின் உச்சியைத் தாழ்த்தினார். அதனால், தொலைவில் உள்ள பௌத்தக் கோயில் திண்ணையிலிருந்தே தெரிந்தது. குறுக்கே போகும் பொதுச்சாலை பள்ளத்தில் மறைந்தது. பங்களாவின் வாசலையே திசை மாற்றினார். ஈழத்தலரி மரக் கிளைகள் படர்ந்து வளர எடை கட்டித் தொங்கவிட்டார். 2003இல் மறையும்வரை இந்தத் தோட்டமே அவருடைய பரிசோதனைக்கூடம்.

இப்படி வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்து அமைக்கப் பெரிய நிலம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் நம் பாட்டிமார் முருங்கையும் கறிவேப்பிலையும் அடுக்களைக்குப் பின்னாலேயே வைத்தார்கள். இன்று தாமான் வீடு வாங்கியதும் முன்புறம் முழுவதும் சிமெண்டு பூசிவிடுகிறோம். வீடு கொதிக்கிறது, மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லை.

வீட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்களே, சன்னல் வைக்குமுன் எந்த மரம் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். காருக்குப் போக மிஞ்சும் இடத்தை மண்ணாகவே விடுங்கள்.