ரேடியோ கேட்ட நாட்குறிப்பு

1942 ஜூன் 12. ஆன் ஃபிராங்க் என்ற பெண்ணுக்கு 13-ஆவது பிறந்தநாள். பரிசாக ஒரு நோட்டு கிடைத்தது. மனசில் இருப்பதைக் கொட்ட ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான் எழுத ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம், தோழிகள், பையன்கள், இவ்வளவுதான் விஷயம்.

அடுத்த மாதமே நாஜிகளுக்குப் பயந்து குடும்பம் ஆம்ஸ்டர்டாமில், அப்பாவின் அலுவலகப் பின்கட்டில் ஒளிந்துகொண்டது. அம்மாமேல் கோபமா, நோட்டு. பயமா, அதற்கும் நோட்டு. வேறு யாரிடம் சொல்வது?

1944 மார்ச் 28. லண்டனிலிருந்து ஒலிபரப்பான டச்சு வானொலியில் ஓர் அமைச்சர் பேசினார். போர் முடிந்ததும் மக்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் திரட்ட வேண்டும் என்றார். ரேடியோக்காரன் பெருமையடிக்கிறான் என்று நினைக்காதீர்கள், அந்த ஒரு பேச்சு அவள் எழுதும் நோக்கத்தையே மாற்றிவிட்டது. மே மாதம், தனித்தாள்களில் எல்லாவற்றையும் திருத்தி எழுத உட்கார்ந்தாள். சிலதை வெட்டினாள், சிலதைச் சேர்த்தாள், கூட ஒளிந்திருந்தவர்களுக்கு மாற்றுப்பெயர் யோசித்தாள். 15 வயதுகூட நிறையவில்லை, கறாரான எடிட்டர் வேலை!

ஆகஸ்ட் 4-ஆம் தேதி நாஜிகள் எல்லோரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். திருத்தம் பாதியில் நின்றது. ஒளிந்திருந்த 8 பேரில் உயிரோடு திரும்பியவர் அப்பா மட்டும். 1947-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், அவள் தனக்காக எழுதியதும் ஊருக்காகத் திருத்தியதும் கலந்தே இருக்கின்றன.