எண்ணெய்ப் பனியும் ஏரி வாரியமும்

இயந்திர உயவு பற்றிய இந்தக் கருத்தரங்கை நகரத்து விடுதியில் வைக்காமல் உத்திரமேரூரில் கூட்டிய அமைப்பாளர்களுக்கு என் நன்றி. வரும் வழியில் சாலையோர இலைகளில் வெள்ளையாகப் படிந்திருந்த கல்தூளைப் பார்த்திருப்பீர்கள். நம் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.

கல் உடைக்கும் கிரஷரில் பழுதான பேரிங்கைக் கழற்றியவர்களுக்குத் தெரியும்: உள்ளே இருப்பது கிரீஸ் அல்ல, கிரீஸும் கல்தூளும் குழைந்த கருஞ்சாந்து. விரலில் தேய்த்தால் நறநறக்கும். காக்க வேண்டிய மசகே உருளைகளை அரைத்துவிடுகிறது. நிப்பிளைத் துடைக்காமல் கிரீஸ் கன்னை வைத்தாலே போதும், தூள் உள்ளே போய்விடும்.

எண்ணெய்ப் பனி முறை நம்மை ஈர்ப்பது இதனால்தான். 1930களில் ஐரோப்பாவில், அதிவேக ஸ்பிண்டில்களுக்காகப் பிறந்த முறை இது. பின்னர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பம்புகளுக்குப் பரவியது. ஒரு பங்கு எண்ணெய்க்குச் சுமார் 2 இலட்சம் பங்கு உலர்ந்த காற்று. சில மைக்ரான் அளவே உள்ள துளிகள் குழாய் வழியே மிதந்து சென்று, பேரிங்கின் வாயிலில் உள்ள சிறு துளையில் ஒன்றுசேர்ந்து, உலோகத்தில் படலமாகப் படிகின்றன.

நன்மைகள் தெளிவானவை. பேரிங்குக்கு எப்போதும் புது எண்ணெய் கிடைக்கிறது. உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் தூசியும் ஈரமும் நுழைவதில்லை. ஓடாமல் காத்திருக்கும் மாற்றுப் பம்பும் துருப்பிடிப்பதில்லை. எண்ணெயைக் கடையும் வேலை இல்லாததால் பேரிங் சூடும் குறைகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. கம்ப்ரஸர் நின்றால் ஒரு பம்பு அல்ல, வரிசை முழுவதும் பட்டினி. காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. இந்தப் பனியால் வெப்பத்தை அள்ளிச் செல்ல முடியாது. சர்க்கரை ஆலையில் கரும்பு பிழியும் உருளைகளைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகளுக்கு இது உதவாது. கசியும் பனியைத் தொழிலாளிதான் சுவாசிக்கிறார். எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் என்பது அமெரிக்கச் சட்டம் வகுத்த எல்லை. முதற்செலவும் அதிகம்.

என் தீர்ப்பு இது: டஜன் கணக்கில் பம்புகள் அருகருகே இரவுபகலாக ஓடும் ஆலைக்கு எண்ணெய்ப் பனி பொருத்தமே. நான்கைந்து மோட்டார்கள் ஓடும் நம் அரிசி ஆலைக்கும், அடிக்கடி நிறுத்தி ஓட்டும் கிரஷருக்கும் அது வீண்செலவு. ஆனால் அதன் பாடம் எல்லோருக்கும் பொது: சுத்தமாக, கொஞ்சமாக, இடைவிடாமல்.

அதற்குக் கருவியைவிடக் கணக்கு முக்கியம். இவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள, பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே எல்லோரும் சொல்கிறோம். அவற்றில் ஏரி வாரியம் இருக்கிறது. அதாவது பராமரிப்புக்கென்றே ஒரு குழு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் மறுபடி ஓலையில் இடமில்லை என்றும் எழுதியிருக்கிறது.

ஆலை முதலாளிகளுக்கும் போர்மேன்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. எந்த பேரிங்குக்கு, எந்தத் தேதியில், எத்தனை கிராம் கிரீஸ் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். அந்த நோட்டு இல்லாத ஆலைக்குப் பனியும் வேண்டாம், புது கன்னும் வேண்டாம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.