கல்லறை செதுக்கியோர் கேட்ட கோதுமை

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இத்தாலி நாட்டிலே டூரின் என்றொரு நகரம். அந்நகரிலே 1824-இல் நிறுவப்பட்ட எகிப்தியப் பொருட்காட்சிச்சாலை ஒன்று உண்டு. அங்கே, நைல் நதிக்கரை நாணலால் ஆன இரண்டு பழைய ஏடுகள் பாதுகாக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே மன்னனின் பெயரோடு பிணைந்தவை. அவன் மூன்றாம் ராம்சேஸ், கி.மு. 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 31 ஆண்டுகள் எகிப்தை ஆண்டவன். ஓர் ஏடு, பசித்தவர்கள் பகலிலே பேசியதைக் கூறுகிறது. மற்றோர் ஏடு, புசித்தவர்கள் இரகசியமாகத் தீட்டிய சதியைக் கூறுகிறது. ஒரே கூரையின் கீழ் இருக்கும் இவ்விரண்டு ஏடுகளைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

எகிப்து என்றதும் பிரமிடு நினைவுக்கு வரும். பிரமிடு என்றதும் சவுக்கு நினைவுக்கு வரும். முதுகிலே அடி விழ, கழுத்திலே சங்கிலி கனக்க, கல்லிழுக்கும் அடிமைக் கூட்டத்தைத் திரைப்படங்களில் கண்டிருக்கிறோம். கண்டது மட்டுமா? அப்படியொரு காட்சியை நானே ஒரு நாடகத்திலே எழுதி, கைதட்டலும் பெற்றிருக்கிறேன்! கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். விட்ட பாதியைப் படிப்பகங்களிலே தேடிப் படித்தபோதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது. கிசாவின் பெரும் பிரமிடு ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஏறத்தாழ 23 லட்சம் கற்கள் கொண்டது. அதைக் கட்டிய உழைப்பாளிகளின் கல்லறைகள் 1990-இல் அதன் அருகிலேயே கண்டுபிடிக்கப்பட்டன. மறுமைக்கென ரொட்டியும் பீரும் வைக்கும் பாத்திரங்களோடு, மரியாதையாக அடக்கம் செய்யப்பட்டவர்கள் அவர்கள். சந்தையிலே வாங்கிய அடிமைகளை அரசனின் பக்கத்திலே எவரும் அப்படிப் புதைக்கமாட்டார்கள் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு.

ஆகவே, சவுக்கை ஒரு புறம் வைப்போம். கூலியைப் பற்றிப் பேசுவோம். கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது.

பிரமிடு கட்டிய காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, எகிப்திய மன்னர்கள் பிரமிடு கட்டுவதை விட்டுவிட்டார்கள். தீப்ஸ் என்னும் தலைநகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், மலைப் பள்ளத்தாக்கிலே பாறையைக் குடைந்து கல்லறை அமைத்துக்கொண்டார்கள். இன்று லக்சர் என்று அழைக்கப்படும் ஊர் அது. பாறையைக் குடைந்தவர்கள், சுவரைச் சமப்படுத்தியவர்கள், அதிலே வண்ணம் தீட்டியவர்கள் ஆகியோருக்கென்று ஒரு தனி ஊரே அமைக்கப்பட்டது. இன்று அதன் பெயர் டெய்ர் எல் மதீனா. மதிலுக்குள்ளே ஏறத்தாழ 68 வீடுகள். கிணறு இல்லை, குடிநீர் கழுதை முதுகிலே வரவேண்டும். விளைநிலம் இல்லை, உணவு அரசுக் களஞ்சியத்திலிருந்து வரவேண்டும்.

நாணயம் இல்லாத காலம் அது. தானியமே கூலி. ஒரு தொழிலாளிக்குத் திங்கள்தோறும் நான்கு மூட்டைக் கோதுமை, ஒன்றரை மூட்டை வாற்கோதுமை. ஒரு மூட்டை என்பது ஏறத்தாழ 76 லிட்டர் கொள்ளளவு. கோதுமை ரொட்டிக்கு, வாற்கோதுமை பீருக்கு. அதோடு மீனும் காய்கறியும் விறகும் வரும். கணக்கு மிகத் துல்லியம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலே, இரண்டாம் ராம்சேசின் 40-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வருகைப் பதிவுக் கல் ஒன்று இருக்கிறது. நாற்பது தொழிலாளர்கள் எந்தெந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அதில் குறித்திருக்கிறார்கள். ஒருவனுக்குக் கண்வலி. ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவன் வீட்டிலே பீர் காய்ச்சினான். ஒருவன் இறந்துபோன உறவினரின் உடலைப் பதம் செய்யப் போனான். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதன் எவ்வளவு அண்டை வீட்டுக்காரனாகத் தெரிகிறான் பாருங்கள்!

அந்த ஊருக்கு அவர்கள் இட்ட பெயர்களுள் ஒன்று, "உண்மையின் இடம்" என்பது. உண்மை, நீதி, ஒழுங்கு ஆகிய மூன்றையும் சேர்த்து எகிப்தியர் "மாஅத்" என்ற ஒரே சொல்லால் குறித்தார்கள். தலையிலே ஒற்றை இறகு சூடிய தெய்வமாக அதை வரைந்தார்கள். செத்தவனின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டிலும், அந்த இறகை மறு தட்டிலும் வைத்து நிறுப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. நாற்பத்திரண்டு நீதிபதிகள் முன்னிலையிலே செத்தவன் தன் வாயாலே, தான் செய்யாத குற்றங்களை வரிசையாகச் சொல்லவேண்டும். "இறந்தோர் நூல்" என்று இன்று நாம் அழைக்கும் தொகுப்பிலே அந்த வரிசை இருக்கிறது. எவரையும் அழவைக்கவில்லை என்று அவன் சொல்லவேண்டும். எவரையும் பட்டினி போடவில்லை என்றும் சொல்லவேண்டும்.

பட்டினி போடவில்லை! அந்தச் சொல்லை மனத்திலே இருத்திக்கொள்ளுங்கள், தோழர்களே! மீண்டும் அதனிடம் வருவோம்.

மூன்றாம் ராம்சேஸ் சாதாரண மன்னன் அல்லன். லிபியரை இருமுறை எதிர்த்தவன். கடல்வழியே வந்து நாடுகளை அழித்த கூட்டத்தாரைத் தன் எட்டாம் ஆட்சியாண்டிலே முறியடித்தவன். அந்த வெற்றிகள் மெதினெத் ஹாபு கோயிற் சுவர்களிலே இன்றும் நிற்கின்றன. கோயில்களுக்கு அவன் அளித்தவற்றை அடுக்கிக் கூறும் ஏடு ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்திலே இருக்கிறது; அதன் நீளம் ஏறத்தாழ 42 மீட்டர்! நிலமும் கால்நடையும் பொன்னும் ஆட்களும் அதில் வரிசை வரிசையாக நிற்கின்றன. தீப்ஸ் நகரத்து ஆமன் கோயிலின் உடைமையாக மட்டும் 86,486 மனிதர்கள் அதில் எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

கோயிலுக்குக் கொடுத்த கணக்கு 42 மீட்டர். ஆனால், கல்லறை செதுக்கியவனுக்குக் கொடுக்கவேண்டிய ஐந்தரை மூட்டை? அது வரவில்லை!

ஆண்டு, மன்னனின் ஆட்சியிலே 29. நம் கணக்கிலே ஏறத்தாழ கி.மு. 1157. கூலி வரவேண்டிய நாள் கடந்து 18 நாட்கள் ஆகிவிட்டன. விளைச்சற் பருவத்தின் இரண்டாம் திங்கள், பத்தாம் நாள். தொழிலாளர்கள் உளியைக் கீழே வைத்தார்கள். கல்லறைப் பகுதியின் ஐந்து காவற்சுவர்களைக் கடந்தார்கள். பசிக்கிறது என்று உரக்கக் கூறிக்கொண்டே இறங்கி வந்து, பழைய மன்னன் ஒருவனின் நினைவுக் கோயிலுக்குப் பின்னாலே உட்கார்ந்துவிட்டார்கள். கல் எறியவில்லை. தீ வைக்கவில்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். உலக வரலாற்றிலே ஏட்டில் எழுதப்பட்டுக் கிடைத்த முதல் வேலை நிறுத்தம் அதுவே என்பர் அறிஞர். எழுதி வைத்தவர் அவ்வூர்க் கணக்கர் அமெனக்த் என்று கருதப்படுகிறது.

அதிகாரிகள் வந்தார்கள். திரும்பிப் போங்கள் என்றார்கள். மன்னன் பெயரால் வாக்குறுதி தந்தார்கள். வாக்குறுதியை வேகவைத்து உண்ண முடியுமா? அடுத்த நாட்களிலே இரண்டாம் ராம்சேசின் நினைவுக் கோயிலுக்குச் சென்றார்கள், உள்ளேயும் நுழைந்தார்கள். பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன. உடுக்க உடையில்லை, பூச எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை. இதை மன்னருக்கு எழுதுங்கள், தலைமை அமைச்சருக்கும் எழுதுங்கள் என்றார்கள். கவனியுங்கள், மன்னனை அவர்கள் பழிக்கவில்லை. நம் நல்ல தலைவன் என்றே குறிப்பிட்டார்கள். அவன் காதுக்கு எட்டினால் நீதி கிட்டும் என்று நம்பினார்கள்.

நான் நாடகம் எழுதுபவன். இந்த இடத்திலே ஒரு போலீஸ் அதிகாரி நுழைந்தால் அவன் கையிலே தடியைக் கொடுத்திருப்பேன். வரலாறு என்ன கொடுத்திருக்கிறது, தெரியுமா? மெண்ட்மோசே என்ற காவல் தலைவர் வருகிறார். கருவிகளை எடுத்து வையுங்கள், கதவைப் பூட்டுங்கள், மனைவி மக்களையும் அழைத்து வாருங்கள், நானே முன்னால் நடந்து, சேத்தி மன்னரின் கோயிலிலே உங்களை அமர்த்துகிறேன் என்கிறார்! தடி ஓங்கவேண்டிய கை வழி காட்டியது. நியாயம் எந்தப் பக்கம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நிலுவைத் திங்களின் கூலி வந்தது. அடுத்த கூலி மீண்டும் தவறியது. மீண்டும் சுவர் தாண்டினார்கள். இம்முறை அவர்கள் சொன்னதுதான் என் நெஞ்சைத் தொட்டது. நாங்கள் பசியால் மட்டும் வரவில்லை. எங்களிடம் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. மன்னரின் இந்த இடத்திலே தீமை நடக்கிறது என்றார்கள். வயிற்றிலே தொடங்கிய குரல் நீதிமன்றத்துக்கு ஏறிவிட்டது, தோழர்களே! சோறு கேட்டவன், முறை கேட்கத் தொடங்கிவிட்டான்.

தலைமை அமைச்சர் தோ அந்தப் பக்கமாக வந்தார். எதற்கு? மன்னனின் முப்பதாம் ஆண்டுப் பெருவிழாவுக்குத் தெய்வச் சிலைகளை அழைத்துச் செல்ல! தொழிலாளரை அவர் நேரில் காணவில்லை. ஆள்மூலம் சொல்லி அனுப்பினார். களஞ்சியமே வெறுமையாக இருக்கிறதாம், கிடைப்பதைக் கொடுப்பாராம். கிடைத்தது பாதிக் கூலி. பின்னர் தீப்ஸ் நகரத் தலைவர் ஒருவர் மனமிரங்கி 50 மூட்டைக் கோதுமை கொடுத்தார். அவர் மீதே புகார் எழுந்தது; கோயிலுக்குரிய தானியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாராம்! விழாவுக்குப் பஞ்சமில்லை. கூலிக்குப் பஞ்சம். கொடுத்தவனுக்குக் குற்றப்பத்திரிகை.

இனி, இரண்டாவது ஏட்டைத் திறப்போம்.

உட்கார்ந்து கோதுமை கேட்டவர்களை அரசு ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்தப்புரத்திலே வேறொரு கூட்டம் கூடியது. தியே என்ற அரசி, தன் மகன் பெந்தவரை அரியணை ஏற்றத் துடித்தாள். அரண்மனை அதிகாரிகள், மன்னனுக்குக் கிண்ணம் ஏந்தியவர்கள், அந்தப்புரக் கணக்கர்கள், படைத்தலைவன் ஒருவன் எனப் பலர் உடந்தை. சதி நடந்தது, பிடிபட்டார்கள், விசாரணை நடந்தது. விசாரிக்க அமர்த்தப்பட்ட நீதிபதிகளிலே சிலரே குற்றவாளிப் பெண்களோடு குடித்துக் களித்ததற்காக மூக்கும் காதும் அறுபட்டார்கள் என்கிறது ஏடு. மன்னன் பிழைத்தானா, மாண்டானா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 2012-இல் அவனுடைய உடலைக் கதிர்ப்படக் கருவியிலே ஆராய்ந்தபோது ஐயம் தீர்ந்தது. கழுத்து, எலும்பு வரை ஆழமாக அறுக்கப்பட்டிருந்தது!

பசியினால் அந்தக் கத்தி வந்தது என்று நான் கூறவில்லை. அது அரியணைச் சண்டை. நான் கேட்பது வேறு. கோதுமை கேட்டவனின் கையிலே உளி இருந்தது. பாறையையே பிளக்கும் உளி! அவன் அதைக் கீழே வைத்துவிட்டு, வெயிலிலே உட்கார்ந்து, தன் குறையை எழுதச் சொன்னான். மன்னனின் கையால் உண்டு கொழுத்தவனோ கத்தியை மறைத்து வைத்திருந்தான். எவன் ஆட்சிக்குப் பகைவன்? எவனை அரண்மனை அஞ்சியிருக்கவேண்டும்? எவனை அது கேட்டிருக்கவேண்டும்?

கேளாத காதுக்கு வரலாறு தண்டனை வைத்திருந்தது. கூலி தவறும் வழக்கம் பின்வந்த மன்னர்கள் காலத்திலும் தொடர்ந்தது. ஒன்பதாம் ராம்சேசின் 16-ஆம் ஆண்டிலே கல்லறைக் கொள்ளை வழக்குகள் குவிந்தன. அமென்பநூபர் என்ற கல்தச்சன், பழைய மன்னன் ஒருவனின் கல்லறையை உடைத்துப் பொன் எடுத்ததையும், ஒருமுறை பிடிபட்டு, தன் பங்குப் பொன்னை அதிகாரிக்குக் கொடுத்து வெளியே வந்ததையும் ஒப்புக்கொண்டான். நேர்வழியிலே கேட்டபோது களஞ்சியக் கதவு மூடிக்கிடந்தது. குறுக்கு வழியிலே கல்லறைக் கதவே திறந்தது. நான் களவை நியாயப்படுத்தவில்லை. திறந்த வெளியிலே வைக்கும் கோரிக்கை தோற்கிற நாட்டிலே, இருட்டிலே செய்யும் வேலை ஜெயித்துவிடுகிறது என்று எச்சரிக்கிறேன்.

இப்போது அந்தத் தராசிடம் வருவோம். மூன்றாம் ராம்சேசின் இதயம் ஒரு தட்டிலே. இறகு மறு தட்டிலே. போர்களை வென்றேன் என்பான். அது அங்கே கேள்வி அல்ல. கோயிலுக்குக் கொடுத்தேன் என்பான். 42 மீட்டர் ஏட்டை விரிப்பான். எவரையும் பட்டினி போடவில்லை என்று சொல்லவேண்டிய இடம் வரும்போது, அவன் நாக்கு என்ன செய்யும்?

அவன் பொன் போய்விட்டது. அவன் கல்லறையும் கொள்ளை போயிற்று. ஊர்க் கணக்கர் ஒருவர் எழுதிய பசிக் கணக்கு மட்டும், 3,100 ஆண்டுகளைக் கடந்து, டூரின் நகரிலே இன்னும் இருக்கிறது. ஆட்சியிலே அமர்வோர் எவராயினும், முதலில் படிக்கவேண்டிய ஏடு அதுதான்.