முழங்கால் நோவைப் பொறுத்திருக்கலாமா?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துரு)



நான் வைத்தியம் படிப்பவனல்லன், கலைப்பீடத்து மாணவன். ஆயினும் முழங்காலைப் பற்றிப் பேச இன்று எழுந்து நிற்கிறேன். காரணம் என் தாய்மாமன். கரைவலை இழுக்கையில் ஈரமணலில் கால் பிசகி விழுந்தார். ஒரு மணி நேரத்துக்குள் முழங்கால் பெரிதாக வீங்கிவிட்டது. எண்ணெய் போட்டு உருவினார்கள், புக்கை கட்டினார்கள். வீக்கம் வற்றியதும் மாமா வலைக்குத் திரும்பினார். ஆனால் படியிறங்கும்போது கால் திடீரென மடங்கிவிடும். குந்தியிருந்து எழும்பினால் முழங்கால் பூட்டிக்கொள்ளும். "விழுந்த நோ மெல்லத்தான் மாறும், மருமகன்" என்று எட்டு மாதங்களைக் கழித்தார்.

கடைசியில் வைத்தியசாலையில் தெரியவந்தது என்ன? விழுந்த அன்றே முழங்காலின் உள்நார் ஒன்று அறுந்திருந்தது. அந்தக் காலோடு எட்டு மாதம் உழைத்ததில் உள்ளேயுள்ள மெத்தையும் கிழிந்துவிட்டது.

அன்பர்களே, தொடையெலும்பும் கீழ்க்காலெலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால். முன்னால் சிரட்டை காவலாக நிற்கிறது. இரண்டு எலும்புகளையும் நான்கு முக்கிய நார்கள் பிணைக்கின்றன. இடையே குருத்தெலும்பாலான இரண்டு மெத்தைகள் பாரம் தாங்குகின்றன. விழுந்த சில மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்கினால், மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கக் கூடும். வீக்கம் வற்றியது என்பதற்காக அறுந்த நார் ஒட்டிவிட்டது என்று எண்ணலாகாது.

அப்படியானால் எப்போது வைத்தியரை நாடுவது? 1995ஆம் ஆண்டில் கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் எளிய விதிகளை வெளியிட்டார்கள். 55 வயது அல்லது அதற்கு மேல்; சிரட்டையில் மட்டும் தொட்டால் நோ; முழங்காலின் வெளிப்பக்கத்தில் சற்றுக் கீழேயுள்ள எலும்பு முனையில் நோ; 90 பாகைக்கு மடக்க இயலாமை; விழுந்தவுடனும் பின்னர் வைத்தியசாலையிலும் நாலடி வைக்க இயலாமை. இவற்றுள் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கால் கோணிப்போனால், பாதம் குளிர்ந்து மரத்தால், நீட்டிய காலைத் தூக்க முடியாவிட்டால், அன்றைக்கே போக வேண்டும். மூட்டுச் சிவந்து சூடேறிக் காய்ச்சலும் வந்தால், அல்லது கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தால், அப்போதும் தாமதம் கூடாது. அதனுடன் மூச்சுத் திணறினால் ஒரு கணமும் பொறுக்கலாகாது.

இவை எதுவுமின்றிச் சிறு நோ மட்டுமெனில் வீட்டிலே கவனிக்கலாம். முதல் இரண்டு மூன்று நாட்கள் உருவுதலும் சூடும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸைக் கால்மணி நேரம் வைத்து, காலை உயர்த்தி வைத்திருங்கள். பின்னர் மெல்ல மெல்ல அசையுங்கள். கட்டிலிலே கிடந்தால் தொடைத்தசை மெலிந்துவிடும். இரண்டு வாரமாகியும் நோ குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். கால் மடங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, வீக்கம் திரும்பத் திரும்ப வந்தாலோ அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாயிருப்பதாகச் சொன்னாலும் அத்துடன் நின்றுவிடாதீர்கள். நாரும் மெத்தையும் அதில் தெரிவதில்லை. அவற்றைக் காட்ட எம்.ஆர்.ஐ. படம் வேண்டும்.

நம் முறிவு நெரிவு வைத்தியர்களை நான் இகழவில்லை. ஆனால் உள்ளே என்ன நேர்ந்ததென்று அறிந்த பின்னரே கட்டுப் போடுவது முறை.

முந்தலிலிருந்து தெற்கே போனால் சிலாபம், வடக்கே போனால் புத்தளம். இரண்டிடத்திலும் அரசாங்க வைத்தியசாலை உண்டு. அங்கே வைத்தியத்துக்குக் கட்டணமில்லை. நடக்க முடியாதவருக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். இருந்தும் ஏன் போவதில்லை? ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற அச்சந்தான். மாமா அன்று ஒரு நாள் கூலியைக் காத்தார். இன்று வலையிழுக்க முடியாமல் கரையில் அமர்ந்து மற்றவர்களைப் பார்த்திருக்கிறார்.

'பொறுத்தார் பூமியாள்வார்' என்கிறோம். பிறர் குற்றத்தைப் பொறுப்பது பெருமை. வீங்கிய முழங்காலைப் பொறுப்பது பெருமையாகாது. வாலிபர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ நொண்டி நடக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். வரும் வாரத்தில் அவரைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். நான் எட்டு மாதம் பிந்தினேன், நீங்கள் பிந்தாதீர்கள்.